காயாத இடம்

கதவு முழுக்கக் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் காயவில்லை.

கார்ப் பட்டறையில் பெயிண்டை விரலால் தொட்டுப் பார்ப்பது மகா பாவம். ரேகை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து உப்புத்தாள் பிடித்து அழவேண்டியதுதான். அதனால் ஓரத்தில் ஒட்டிய டேப்பின் மேல் படிந்த பெயிண்டைத்தான் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். அங்கே காய்ந்திருந்தால் கதவும் காய்ந்த மாதிரி. டேப் நன்றாகவே காய்ந்திருந்தது. அதை நம்பி அவள், பெயிண்ட் படாமலிருக்கச் சுற்றி ஒட்டிய காகிதத்தையெல்லாம் உரித்துவிட்டு, தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது, கதவின் கீழ் விளிம்பிலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரு திட்டு ஈரமாக மினுமினுத்தது. கிட்டே போனாள். தின்னர் வாடை அந்த இடத்திலிருந்து மட்டும் இன்னும் பச்சையாக வந்துகொண்டிருந்தது.

பட்டறையில் அவளுக்குப் பேர் கண்ணாடி. அவள் அடித்த பெயிண்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று சொல்லி டிங்கர் அண்ணன் வைத்த பேர். இத்தனை வருஷத்தில் கண்ணாடி அடித்த வண்டி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. அதனால் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ரோஷம்தான்.

"அண்ணே, இங்க வந்து இந்தக் கண்றாவியைப் பாருங்க."

டிங்கர் அண்ணன் வந்தார். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். சுத்தியலுக்கு ஓய்வு கொடுத்தாலும் வாய்க்குக் கொடுக்கமாட்டார். "நடுவுல எதையாவது வெச்சியா?" என்றார்.

"நான் என்ன உங்களை மாதிரியா?"

அவர் சிரித்துக்கொண்டார். போன வருஷம் அவர்தான் சுடுவிளக்குக்கு முன்னால் துடைப்பத்தை மறந்து சாய்த்துவிட்டுப் போய், ஒரு பானெட்டில் துடைப்பம் அச்சு அசலாக விழுந்திருந்தது. சுடுவிளக்கு என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பேர். சக்கரம் வைத்த இரும்புக் காலில் இரண்டு நீளக் குழாய்கள். போட்டால் அடுப்புக் கங்கு மாதிரி சிவக்கும். அதன் சூடு காற்றைத் தொடாது. வெயில் மாதிரி நேரே போய் எதிரில் இருப்பதன் மேல்தான் விழும். நடுவில் எது நின்றாலும் அதன் நிழல் விழுகிற இடம் குளிர்ந்தே கிடக்கும், பெயிண்டும் காயாது.

"குழாய்ல ஏதோ கோளாறு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அண்ணன் போனார். கண்ணாடி குழாய்களைப் பார்த்தாள். இரண்டும் முனைக்கு முனை ஒரே சிவப்பு. திரும்பித் திட்டைப் பார்த்தாள். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல், உச்சியில் ஒரு உருண்டை. ஒரு ஆள் குளிருக்கு முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு.

மறுநாள் ஒரு பானெட். அதிலும் அதே திட்டு. அதே அளவு, ஆனால் இந்தத் தடவை வலது ஓரமாக.

முதலாளி தூரத்திலிருந்து முறைத்தார். கண்ணாடிக்கு மானம் போயிற்று. கழற்றிய பானெட்டைத் தாங்கியில் நிமிர்த்தி, விளக்கைப் போட்டுவிட்டுக் கூடவே நின்றாள். பனிமழை தகரக் கூரையில் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஷட்டருக்கு அடியில் நுழைந்த காற்று, காகிதத் துண்டுகளையும் பட்டிப் பொடியையும் காலைச் சுற்றி உருட்டியது. விளக்கின் இரும்பு சூடேற ஏற டிக், டிக் என்று நெட்டி முறித்தது. எந்த இடத்தில் சூடு குறைகிறது என்று பார்க்கலாமே என்று அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, விளக்குக்கும் பானெட்டுக்கும் நடுவில் கையை நீட்டினாள்.

இடது பக்கம் சுட்டது. தோல் இழுத்துப் பிடிக்கிற சூடு. கையை மெல்ல வலது பக்கம் நகர்த்தினாள். அங்கேயும் சுட்டது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

குளிர்.

சூடு குறைந்த மாதிரி இல்லை. விடிகாலைக் குழாய்த் தண்ணீருக்குள் கையை விட்ட மாதிரி எலும்புவரை இறங்கிற்று. அவள் கையை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். தொழில்காரப் புத்தி, எதற்கும் ஓரம் எங்கே என்று பார்க்கும். குளிரின் ஓரத்தைத் தேடி கை மேலே போனது. ஒரு சரிவு. பிறகு ஒரு ஒடுக்கம். அதற்கு மேல் கை தானாகவே வளைந்து, ஒரு உருண்டையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் இறங்கிற்று. வீட்டில் தன் மகளுக்கு எண்ணெய் வைக்கும்போது அவள் உள்ளங்கை போகிற வழி அது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே! இங்க கைய வெச்சுப் பாருங்க. சில்லுனு இருக்கு."

டிங்கர் அண்ணன் கையை நீட்டி, "ஐயோ, அம்மாடி!" என்று உதறினார். "சில்லுனு இருக்காம்! தோல் வெந்துபோச்சு. விளையாடறியா?"

"சத்தியமாண்ணே. இப்பத்தான்…"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். புள்ளைய நெனச்சு நெனச்சு நீ தூங்கறதே இல்ல, அதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் மகள் வாண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்கு நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு உள்ளே போய் வந்ததைப் பார்த்தவள் எப்படித் தூங்குவாள்? தகப்பன் லாரியோடு எங்கோ மலைப்பாதையில் பனிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தான். அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்து பாதிதான்மா, மீதி கதகதப்பு. நெஞ்சுல குளிர் ஏறாம பார்த்துக்கோங்க. இன்னொரு தடவை ஏறுச்சுன்னா அந்தச் சின்ன உடம்பு தாங்காது. கண்ணாடி வேறு எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. தாங்காது என்ற அந்த ஒரு வார்த்தையே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வேலை முடிந்ததும் எல்லாரும் வழக்கம்போலச் செய்தார்கள். நனைந்த கோட்டோடு ஆளுக்குக் கொஞ்ச நேரம் சுடுவிளக்குக்கு முதுகைக் காட்டி நிற்பது பட்டறைப் பழக்கம். முதுகு காய்ந்தால் வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சூடு கூட வரும். கண்ணாடியும் நின்றாள். மனசில்லாமல்தான் நின்றாள், ஆனால் கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முதலில் தோள்பட்டை இரண்டும் சுட்டன. இடுப்பு சுட்டது. பிறகு முதுகின் நடுவில், தண்டுவடம் நெடுக, ஏதோ ஒன்று மெல்ல வந்து சாய்ந்துகொண்ட மாதிரி குளிர்ந்தது. ஈரக் கோட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஐந்து மணிக்கே வெளியே இருட்டு கட்டியிருந்தது. அவள் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். ஜன்னல் மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றவர்கள் யாரும் அந்த இருக்கைக்கு வரவில்லை. முதுகில் குளிர் அப்படியே இருந்தது.

கீழ் வீட்டு ரிட்டயரான டீச்சர் வாண்டுவை ஒப்படைத்தார். பகல் முழுக்க அவர்தான் பார்த்துக்கொள்கிறவர். "சமத்தா இருந்தா. இருமலும் குறைஞ்சிருக்கு" என்றார். பாதி உயிர் திரும்பி வந்தது கண்ணாடிக்கு.

மேலே ஒரே அறைதான். ஒரு மூலையில் அடுப்பு, சுவரோரம் கட்டில், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஹீட்டர். வெள்ளைத் தகட்டில் கம்பி வலை, வலைக்குள் இரண்டு தண்டுகள். சுவிட்சைப் போட்டால் முதலில் தூசி கருகுகிற வாடை வரும், பிறகு தண்டுகள் ஆரஞ்சு நிறமாகும், அப்புறம் கட்டில்மேல் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். அறை குளிர்ந்தே கிடந்தாலும் கட்டிலில் இருப்பவருக்குக் குளிராது. வாண்டு அதற்கு எதிரே படம் வரைந்துகொண்டு உட்கார்ந்தாள். அம்மா பால் காய்ச்சினாள்.

"அம்மா, தள்ளி நிக்கச் சொல்லும்மா."

"யாரைடி?"

"மறைக்குதே."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கண்ணாடி அதை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கட்டில். ஹீட்டர். நடுவில் ஒன்றும் இல்லை, தரையில் இரண்டு கலர் பென்சில்கள் கிடந்தன.

"எது மறைக்குது? ஒண்ணும் இல்லையே, தங்கம்."

"ஒண்ணும் தெரியாது. ஆனா இங்க இருக்கு." வாண்டு கட்டிலில் எழுந்து நின்று, காற்றில் கையை நீட்டினாள். குட்டி விரல்கள் ஒரு சரிவில் ஏறின. ஒரு ஒடுக்கத்தில் உள்ளே போயின. பிறகு ஒரு உருண்டையைச் சுற்றி வளைந்து இறங்கின. அதற்கு அவள் நுனிக்காலில் எம்பவேண்டியிருந்தது.

கண்ணாடி ஒரே எட்டில் கட்டிலுக்குப் போனாள். பிள்ளையை வாரி எடுத்தாள். கை, கால், கன்னம் எல்லாம் சூடாகத்தான் இருந்தன. நெஞ்சு மட்டும் சில்லென்றிருந்தது. வாண்டு இருமினாள்.

மறுநாள் பட்டறையில் முதலாளி, "அந்தச் சனியனை முதல்ல அணைங்க. பெயிண்ட் தானா காயட்டும், லேட்டானா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். விளக்கை ஓரமாகத் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள். இரண்டு கதவுகள் காற்றிலேயே காய்ந்தன. சாயங்காலம் கண்ணாடி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். திட்டு இல்லை. முகம் தெரிந்தது, மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"பார்த்தியா, லைட்ட அணைச்சதும் எல்லாம் ஓடிப்போச்சு" என்றார் டிங்கர் அண்ணன். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டாள். நினைத்து நிம்மதியும் பட்டாள், பாவம்.

வீட்டில் வாண்டுவின் ஸ்வெட்டர்கள் ஈரமாகக் கிடந்தன. துணி உலர்த்தும் ஸ்டாண்டில் வரிசையாக விரித்து, ஹீட்டருக்கு எதிரே வைத்துவிட்டுப் பிள்ளையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கம்பளி காயும்போது வருமே ஒரு ஆட்டு வாடை, அது அறை முழுக்க நிரம்பிற்று. தண்ணீர்க் குழாய் எங்கோ சுவருக்குள் குமுறியது. கீழே டீச்சர் வீட்டுக் கதவு ஒருதரம் திறந்து மூடியது. துணியை எடுக்கப் போனவள் கையை வைத்தவுடன் நின்றுவிட்டாள். ஓரத்தில் தொங்கியவை மொடமொடவென்று காய்ந்திருந்தன. நடுவில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு துண்டும் சொட்டுகிற ஈரம். ஈரம் துணிக்குத் துணி தாவி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு உருவமாக நின்றது. தலை. தோள். தொங்கும் கைகள். அது இப்போது குந்தியிருக்கவில்லை. எழுந்து நின்றது. அவள் உயரத்துக்கு நின்றது.

கண்ணாடி கத்தவில்லை. பிள்ளை பயந்துவிடும். வாண்டுவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எங்க ஹீட்டர் ரிப்பேர் டீச்சர். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறோம்."

"இதென்ன கேட்டுக்கிட்டு? உள்ள வா."

டீச்சருடைய ஹீட்டர் பெரியது, புதுசு. மூவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடித்த கூத்தையெல்லாம் சொல்லி வாண்டுவைச் சிரிக்க வைத்தார். கண்ணாடிக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அப்புறம் டீச்சர் பேச்சை நிறுத்தி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, எழுந்து ஹீட்டரின் திருகைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னவோ தெரியல, இன்னைக்கு இது சரியாவே சுடமாட்டேங்குது."

வாண்டு அம்மாவின் மடிக்குள் இன்னும் சுருண்டுகொண்டாள். "அதுவும் வந்துடுச்சும்மா" என்றாள் காதோடு.

அன்று ராத்திரி முழுக்க இருமல். விடிந்ததும் டாக்டருக்குப் போன் பண்ணினாள். மாடிப்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, நெஞ்சு சில்லுனு இருக்கு டாக்டர் என்றாள். டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மூச்சு வாங்குதா, உதடு நீலமா இருக்கா, சாப்பிடறாளா. "இன்னைக்கு ஒரு நாள் பாருங்க, நான் நாளைக்குக் காலைல முதல் ஆளா பார்க்கறேன். அதுவரைக்கும் கதகதப்பா வெச்சுக்கோங்கம்மா. அதுதான் முக்கியம்" என்றார். அதுதானே ஐயா முடியவில்லை என்று அவள் யாரிடம் சொல்ல முடியும்? ஹீட்டர் சூட்டை எவனோ குடித்துவிடுகிறான் என்றா?

வாண்டுவை டீச்சரிடம் விட்டுவிட்டுப் பட்டறைக்கு லீவு சொல்லப் போனவள், டிங்கர் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். அவர் இந்தத் தடவை பழமொழி சொல்லவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அது எதுவா வேணா இருக்கட்டும். இங்க என்ன நடந்துச்சு? லைட்டு இருந்துச்சு, அதுவும் இருந்துச்சு. லைட்ட அணைச்சோம், அதுவும் இல்ல. சூட்டைத் தேடித்தானே வருது? சூடு இல்லேன்னா அதுக்கு அங்க என்ன வேலை?"

"பிள்ளைக்குச் சூடு வேணுமேண்ணே."

"அதுக்கு ஹீட்டர்தானா? நாமெல்லாம் ஹீட்டர் வெச்சா வளர்ந்தோம்? அணைச்சுப் போட்டுட்டு, புள்ளையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படு. ஆயிரம் மிஷின் வந்தாலும் பெத்தவ உடம்புச் சூடு மாதிரி வருமா?"

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் கண்ணாடிக்கு அது வேதமாகப் பட்டது. ஏன் இது எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சில் பாரம் இறங்கியிருந்தது. வாண்டு கைக்குழந்தையாக இருந்தபோது, அவளை மார்பில் போட்டு, சட்டையைப் பொத்தானோடு மூடிக்கொண்டு இவள் நடந்ததில்லையா? அப்போது எந்தக் குளிர் அண்டியது?

சாயங்காலம் இருட்டு கட்டும் நேரம், ஹீட்டரை அணைத்தாள். தண்டுகள் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி, சிவப்பு கறுத்து, கடைசியில் சாம்பல் நிறமாயின. தகடு ஆறும்போது டிக், டிக் என்றது. இடைவெளி விட்டு டிக். அப்புறம் அதுவும் நின்றது. அடுப்பு அணைந்திருந்தது. பல்பையும் அணைத்தாள், அதில்கூடக் கொஞ்சம் சூடு இருக்கிறதே. ஜன்னல் திரை வழியே தெருவிளக்கு லேசாகக் கசிந்தது. அறை சீக்கிரமே குளிர்ந்தது. கண்ணாடி இருட்டில் காது கொடுத்தாள். ஒன்றும் இல்லை. எங்கும் ஒரே சீரான குளிர், திட்டாக இல்லை.

"இருக்காடா?" என்று கேட்டாள்.

வாண்டு காற்றில் கையை நீட்டித் துழாவினாள். "இல்லம்மா. போயிடுச்சு."

கண்ணாடிக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டிலிருந்த போர்வை அத்தனையையும் போட்டு, பிள்ளையைச் சுவர்ப்பக்கம் விட்டு, தானும் படுத்து, இரண்டு கையாலும் அணைத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். வாண்டுவின் முதுகில் தன் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். தாடைக்கு அடியில் பிள்ளையின் தலை. எண்ணெய் வாடை, மருந்து வாடை, பால் வாடை. மெல்லிசான நெஞ்சு அவள் நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தது.

"சுடுதும்மா" என்றாள் வாண்டு சந்தோஷமாக. "உன் மேல ஹீட்டர் மாதிரி சுடுது."

"தூங்கு, என் தங்கமே."

இருமல் குறைந்தது. மூச்சு நிதானப்பட்டது. கண்ணாடி கண்ணை மூடினாள். எத்தனையோ நாளாகத் தூங்காத உடம்பு, கல் மாதிரி கீழே போயிற்று.

எதனால் விழிப்பு வந்தது என்று தெரியவில்லை. தெருவில் சத்தம் இல்லை. கீழே டீச்சர் வீட்டில் டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதிகநேரம் ஆகியிருக்காது. கைகள் கோத்தபடியேதான் இருந்தன. ஆனால் விரல்கள் நுனியில் மட்டும் கோத்திருந்தன. முன்பு உள்ளங்கை முழுக்க ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததே? பிள்ளை எப்படிப் பெருத்தாள்?

தாடைக்கு அடியில் தலை இருந்தது. எண்ணெய் வாடை இல்லை.

நெஞ்சு குளிர்ந்தது.

போர்வை விலகியிருக்கும் என்று நினைத்தாள். விலகவில்லை. முதுகு சூடாக இருந்தது. கால் சூடாக இருந்தது. பிள்ளையை அணைத்திருந்த பக்கம் மட்டும், கழுத்திலிருந்து வயிறுவரை, குழாய்த் தண்ணீர். அவளுக்குத் தெரிந்த குளிர். அவள் உள்ளங்கை ஓரம் பார்த்து வந்த குளிர்.

பட்டறையில் விளக்கை அணைத்ததால் அது போகவில்லை. அதற்கு முந்தின நாளே அவள் முதுகில் சாய்ந்துகொண்டு வந்துவிட்டது. அங்கே இல்லாமல் போனது அதனால்தான்.

இப்போது இந்த அறையில் சூடாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

"வாண்டு" என்றாள். "வாண்டு, தங்கம்."

"அம்மா." குரல் தாடைக்கு அடியிலிருந்து வரவில்லை. அதற்கும் அப்பால், சுவரோரத்திலிருந்து வந்தது. மெலிந்த குரல். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். "அம்மா, குளிருதும்மா. கட்டிப்பிடிச்சுக்கோ."

"பிடிச்சுக்கிட்டுத்தானேடி இருக்கேன்."

பற்கள் மறுபடி அடித்துக்கொண்டன.

"என்னை இல்லம்மா."

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. விரல்கள் கோத்தது கோத்தபடி மரத்துப் போயிருந்தன. அதைத் தாண்டி, அதன் மேலாகச் சுவரை எட்டப் பார்த்தாள். அதுவும் அவளோடு சேர்ந்து எழும்பியது. விலகவில்லை. நடுவிலேயே இருந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடுவில். முழங்கையால் தள்ளினாள். தள்ளத் தள்ள அது அவளுக்குள் இன்னும் ஒண்டிக்கொண்டது, பசியெடுத்த பிள்ளை ஒண்டுகிற மாதிரி.

"டீச்சர்!" என்று கத்தினாள். வாயிலிருந்து வெறும் காற்று வந்தது. அந்தக் காற்றிலும் சூடு இல்லை.

சுவரோரம் ஒரு இருமல். சின்னது. அப்புறம் இன்னொன்று, அதைவிடச் சின்னது.

"அம்மா…"

"இதோ. இதோ வந்துட்டேன்டா. இதோ."

வரமுடியவில்லை. ஒரு சாண்தான். கை நீட்டினால் தொட்டுவிடுகிற ஒரு சாண்.

அவள் கைகளுக்குள் இருந்தது இப்போது அவ்வளவு குளிராக இல்லை. முதலில் தோள் சூடேறியது. பிறகு கழுத்து. தாடைக்கு அடியில் அந்த உருண்டை, தூங்கும் குழந்தையின் தலைபோல வெதுவெதுப்பாகி, இடம் பார்த்து ஒருதரம் அசைந்து, வசதியாகப் படுத்துக்கொண்டது. சுவரோரம் சத்தமே இல்லை. கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள்.

அவள் மார்போடு ஒட்டிக் கிடந்ததற்குள், தட்டுத் தடுமாறி, ஒரு இதயம் துடிக்கத் தொடங்கியது.